அத்தியாயம் 5: ஆடியவர் சொல்வதை எப்படிக் கேட்பது

2025 செப்டம்பர் 4-ஆம் தேதி ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ வெளியானது. அன்று ஸ்டீம் தொடங்கி நின்டெண்டோ கடை வரை பல இணையக் கடைகள் கூட்டம் தாங்காமல் சிறிது நேரம் முடங்கிப்போயின. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் இருக்கும் டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழு 2019-இல் அறிவித்த கேம் அது. ஆறரை ஆண்டு காத்திருந்தவர்கள் ஒரே நாளில் உள்ளே பாய்ந்தார்கள். ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் 5 லட்சம் பேருக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள்ளேயே பேச்சு இரண்டாகப் பிரிந்துவிட்டது. இந்த ஆண்டின் சிறந்த கேம் என்று ஒரு சாரார் கொண்டாடினார்கள். ஆடுபவரை வேண்டுமென்றே வதைக்கிறது என்று இன்னொரு சாரார் பொருமினார்கள்.

வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் இந்த இரண்டையும் படித்தால் குழம்பத்தான் செய்வார். ‘பாதிக்கு மேல் நல்லா இருக்குன்னு சொல்றாங்க, வாங்கிடலாம்’ என்று சராசரி போட்டு முடிவெடுப்பது பலருடைய வழக்கம். அந்த வழக்கத்தை விடச் சொல்லத்தான் இந்த அத்தியாயம். ஒருவர் ஒரு கேமைப் பற்றிச் சொல்லும் கருத்துக்குள், அவர் எதுவரை ஆடினார், என்ன பழக்கத்தோடு வந்தார், எந்த நாளில் ஆடினார் என்பதெல்லாம் சேர்ந்தே இருக்கும். அதைப் பிரித்தெடுக்கத் தெரிந்துவிட்டால், திட்டி எழுதிய கருத்தைப் படித்தே உங்களுக்குப் பிடிக்கக்கூடிய கேமைக் கண்டுபிடித்துவிடலாம்.

எங்கே நின்றுபோனார்?

சில்க்சாங்கையே கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ‘ரொம்பக் கஷ்டம்’ என்ற ஒரே புகாருக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பல புகார்கள் அடங்கியிருந்தன.

முதலாவது, வாங்கும் அடி. கதாநாயகி ஹார்னெட்டுக்குத் தொடக்கத்தில் ஐந்து முகமூடி அளவுதான் உயிர். பல எதிரிகளின் ஒரே அடி இரண்டு முகமூடியைப் பறித்துவிடும். மூன்று முறை தப்பு செய்தால் கதை முடிந்தது. உயிரைத் திரும்பப் பெற, எதிரிகளை அடித்துப் பட்டு நூலைச் சேர்க்க வேண்டும். போதுமான அளவு சேர்ந்தால்தான் ஒரே மூச்சில் மூன்று முகமூடிகளை மீட்க முடியும். ஆக, பயந்து ஒதுங்கி ஆடுகிறவருக்கு இந்த கேம் இடமே தராது. நெருங்கிப் போய் அடிப்பவருக்குத்தான் உயிர் கிடைக்கும். பொறுமையாகத் தள்ளி நின்று ஆடும் பழக்கம் உள்ள ஒருவர் இதை ‘அநியாயம்’ என்று எழுதினால், அவர் தம் அளவில் சரியாகவே எழுதியிருக்கிறார்.

இரண்டாவது, விரல் பழக்கம். 2017-இல் வந்த முதல் ‘ஹாலோ நைட்’டில் எதிரியின் தலைக்கு மேலே குதித்து நேர்கீழாக வாளை வீசினால், அந்த அடியின் வேகத்திலேயே மேலே எம்பி மறுபடியும் அடிக்கலாம். முள் நிறைந்த பள்ளங்களைக்கூட அப்படியே துள்ளித் துள்ளிக் கடந்துவிடலாம். ஹார்னெட் அப்படி இறங்குவதில்லை, சாய்கோட்டில் பாய்கிறாள். எதிரிக்கு நேர் மேலே இருந்து அழுத்தினால் அடி தவறும். கொஞ்சம் பக்கவாட்டில், கொஞ்சம் முன்கூட்டியே அழுத்த வேண்டும். முதல் கேமை முழுதாக முடித்தவர்களே இந்த இடத்தில் அதிகம் தடுமாறினார்கள். அவர்கள் விரலில் இருந்த பழைய கணக்கு குறுக்கே வந்தது. புதிதாக வந்தவர்களில் பலர் இதைப் பெரிய குறையாகச் சொல்லவே இல்லை. ஆட்டத்தின் முற்பகுதியிலேயே, நேர்கீழாக அடிக்க உதவும் இன்னொரு சண்டை முறையைத் தேடிப் பெற்றுக்கொள்ளலாம். அதைக் கண்டுபிடித்தவர்களுடைய கருத்தின் தொனி அதற்குப் பிறகு மாறியிருப்பதை நீங்களே படித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, நேரம். செத்தால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சிலிருந்து மறுபடி புறப்பட்டு, அதே முள்ளையும் அதே எதிரிகளையும் தாண்டி வந்து, அதே பாஸ் என்ற பெரிய எதிரியின் முன்னால் நிற்க வேண்டும். அந்த உலகத்தில் காசாகப் பயன்படும் மணிகள் செத்த இடத்திலேயே கிடக்கும். போய் எடுக்காமல் மறுபடி செத்தால் போனது போனதுதான். விடுமுறையில் நாள் முழுக்க ஆடும் கல்லூரி மாணவருக்கு இது சுவாரஸ்யம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு முக்கால் மணி நேரம் மட்டும் ஆடும் ஒருவருக்கு, அந்த முக்கால் மணியில் பாதி ஓட்டத்திலேயே கரைந்துவிடும்.

இந்த மூன்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று பாருங்கள். மற்ற இரண்டையும் எத்தனை ஆயிரம் பேர் எழுதியிருந்தாலும் ஒதுக்கிவிடலாம். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தவர் ‘சரியில்லை’ என்றால் உப்பா, காரமா, காத்திருக்க வைத்தார்களா என்று கேட்கிறோம் இல்லையா, இங்கேயும் அதே கேள்விதான்.

பக்கத்து வீட்டுத் தம்பியோ அலுவலக நண்பரோ ஒரு கேமைப் பற்றிச் சொல்லும்போது ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ‘செம கேம்ணா’ அல்லது ‘மொக்கை’ என்ற இரண்டே பதில்தான் வரும். ‘எந்த இடத்துல நிறுத்தின? அங்க என்ன பண்ணிட்டிருந்த?’ என்று கேளுங்கள். ‘மூணாவது பாஸ்கிட்ட இருபது தடவை செத்தேண்ணா, இருபத்தொண்ணாவது தடவை ஜெயிச்சேன், தூக்கமே வரல’ என்று ஒருவர் சொன்னால், உங்களுக்கு இருபது தடவை சாகும் பொறுமை உண்டா என்பது மட்டுமே மிச்சமிருக்கும் கேள்வி.

‘எல்டன் ரிங்’ கேமுக்கும் இதே கேள்வி நன்றாக வேலை செய்யும். 2022-இல் வந்த அந்த கேமில் முதல் குகையை விட்டு வெளியே வந்ததுமே தங்கக் கவசம் அணிந்த ஒரு குதிரை வீரன் குறுக்கே உலாவுவான். அந்த நிலையில் அவனை வெல்வது ஏறக்குறைய நடக்காத காரியம். ‘முதல் எதிரியே இப்படியா’ என்று அதோடு மூடி வைத்தவர்கள் பலர். சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போய், பலம் சேர்த்துக்கொண்டு பிறகு வா என்பதுதான் அந்த வீரனை அங்கே நிறுத்தியதன் பொருள். அவனோடு மல்லுக்கட்டி நின்றுபோனவரின் கருத்தை, கேம் முழுமைக்குமான கருத்தாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ‘வழி சொல்ல ஆளில்லாத கேம் எனக்கு ஒத்துவராது’ என்பவருக்கு அதைவிட நல்ல எச்சரிக்கையும் கிடையாது.

எந்த நாளில் சொன்னது?

சில்க்சாங் வெளியான சில நாட்களிலேயே டீம் செர்ரி பேட்ச் என்ற திருத்த அப்டேட் ஒன்றை வெளியிட்டது. தொடக்கப் பகுதியில் வரும் இரண்டு பாஸ்களைச் சற்று எளிதாக்கினார்கள். சில இடங்களில் கிடைக்கும் மணிகளையும் கூட்டினார்கள். ஆகவே முதல் வாரத்தில் எழுதிய கருத்தும் அடுத்த மாதம் எழுதிய கருத்தும் கொஞ்சம் வேறுபட்ட இரண்டு கேம்களைப் பற்றியவை.

சில கேம்களில் இந்த வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளதுபோல் இருக்கும். ‘சைபர்பங்க் 2077’ 2020 டிசம்பர் 10 அன்று வெளியானபோது பழைய பிளேஸ்டேஷன் 4 கருவியில் அடிக்கடி நின்றுபோனது, முகங்கள் மங்கின, வண்டிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன. ஒரு வாரம் கழித்து சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. மறுபடி விற்பனைக்கு வந்தது 2021 ஜூனில். 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட் திறன்கள் வளரும் முறையையும் காவல்துறை துரத்தும் விதத்தையும் புதிதாக எழுதிவிட்டது. இன்றைக்கு அதை ஆடுபவரிடம் கேட்டால் ஊரைப் பற்றியும் கதையைப் பற்றியும்தான் பேசுவார். 2020-இல் பணம் கொடுத்தவர் இன்னும் கோபமாகத்தான் இருப்பார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இன்று வாங்குபவருக்கு அதில் எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை.

‘நோ மேன்ஸ் ஸ்கை’யின் கதை இன்னும் நீளம். இங்கிலாந்தின் கில்ஃபர்டைச் சேர்ந்த ஹலோ கேம்ஸ் 2016 ஆகஸ்டில் வெளியிட்டபோது, சொன்னதெல்லாம் இல்லை என்று ஆடியவர்கள் கொதித்தார்கள். அந்தக் குழு வாயைத் திறக்காமல் வேலை செய்தது. ஆண்டுக்கு ஆண்டு பெரிய அப்டேட்களை இலவசமாகவே கொடுத்தது. ஸ்டீமில் அதன் ஒட்டுமொத்தக் கருத்து ‘வெரி பாசிட்டிவ்’ நிலையை எட்ட 2024 நவம்பர் ஆகிவிட்டது. எட்டு ஆண்டு! ஒட்டுமொத்த எண்ணிக்கையில் பழைய கோபத்தின் எடை எவ்வளவு காலம் தங்கும் என்பதற்கு இதுவே சாட்சி. அதனால்தான் ஸ்டீம் பக்கத்தில் ‘ரீசன்ட்’ என்ற அண்மைக் கருத்துகளின் வரியை முதலில் பார்க்கச் சொல்கிறேன். ஒட்டுமொத்த வரியும் அண்மை வரியும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. அது என்னவென்று தேடுங்கள்.

2024 மே மாதம் ‘ஹெல்டைவர்ஸ் 2’-க்கு நடந்ததைப் பாருங்கள். ஸ்வீடனின் ஆரோஹெட் குழு உருவாக்கிய அந்த கேம் பிப்ரவரியில் வெளிவந்து எல்லோர் வாயிலும் இருந்தது. கணினியில் ஆடுபவர்களும் இனி பிளேஸ்டேஷன் கணக்கைக் கட்டாயம் இணைக்க வேண்டும் என்று சோனி அறிவித்தது. அந்தக் கணக்கே திறக்க முடியாத நாடுகளில் இருந்தவர்கள் பணம் கொடுத்து வாங்கிய கேமை ஆட முடியாத நிலை வரவிருந்தது. சில நாட்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்க் கருத்துகள் குவிந்தன, சோனி பின்வாங்கியது. அந்த வாரத்துக் கருத்துகளில் பெரும்பாலானவை சண்டை நன்றாக இல்லை என்று சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். கூடி நின்று நியாயம் கேட்டார்கள், கிடைத்தது. ஸ்டீமின் கருத்து வரைபடத்தில் இப்படிச் சட்டென்று ஒரு பள்ளம் தெரிந்தால், அந்த நாட்களை மட்டும் தேர்ந்தெடுத்து நாலு கருத்தைப் படியுங்கள். கோபம் எதன் மேல் என்பது உடனே தெரிந்துவிடும்.

எந்த மொழியில் ஆடினார்?

சில்க்சாங் வெளியானபோது, மற்ற மொழிக்காரர்கள் பாராட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில் எளிமையாக்கப்பட்ட சீன எழுத்தில் எழுதியவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். காரணம் மொழிபெயர்ப்பு. சாதாரணமாகச் சொல்லியிருக்க வேண்டியதைப் பழங்காலக் காவிய நடையில் திருகிவிட்டார்கள் என்பது புகார். சரிசெய்கிறோம் என்று குழுவினர் ஒப்புக்கொண்டார்கள். அதற்குச் சில வாரம் முன்னால்தான், 2025 ஆகஸ்டில், ஸ்டீம் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாகக் கருத்து நிலையைக் காட்டத் தொடங்கியிருந்தது.

நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பெரும்பாலான கேம்களில் தமிழ் கிடையாது, ஆங்கிலத்தில்தான் ஆடப்போகிறோம். ‘வசனம் அற்புதம்’ என்று ஒருவர் புகழ்ந்தால், அந்த வசனம் எவ்வளவு என்று கேளுங்கள். 2019-இல் வந்த ‘டிஸ்கோ எலிசியம்’ துப்பறியும் கேமில் சுமார் 10 லட்சம் சொற்கள். சண்டை என்று தனியாக எதுவும் கிடையாது. பேச்சும் எண்ணமும்தான் ஆட்டம். ஆங்கில நாவல்களை ருசித்துப் படிப்பவருக்கு அது விருந்து. படிக்கத் தடுமாறும் பதினான்கு வயதுப் பையனுக்கு அதை வாங்கிக் கொடுத்தால் பாவம், பத்து நிமிடத்தில் மூடிவிடுவான். சில்க்சாங்கில் வசனத்தைத் தாண்டிச் சென்றாலும் ஆட்டம் ஓடும். இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் எழுதும் விமர்சகர் சொல்லமாட்டார். அவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே தோன்றாது.

கட்டைவிரலும் மணிக்கணக்கும்

ஸ்டீமில் கருத்து சொல்பவர் மதிப்பெண் போடுவதில்லை. கட்டைவிரலை மேலே காட்டலாம், கீழே காட்டலாம், அவ்வளவுதான். 95 சதவீதத்துக்கு மேல் மேலே காட்டினால் ‘ஓவர்வெல்மிங்லி பாசிட்டிவ்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் பார்த்து ‘நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மார்க்’ என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. உண்மையில், வாங்கியவர்களில் பெரும்பாலோருக்குக் காசு வீணாகவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். மேலும், அந்த வகை கேம் பிடிக்காதவர் அதை வாங்கியிருக்கவே மாட்டார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

கட்டைவிரலைவிடப் பயனுள்ளது பக்கத்தில் இருக்கும் மணிக்கணக்கு. கருத்து எழுதியபோது எத்தனை மணி நேரம் ஆடியிருந்தார், இப்போது மொத்தம் எத்தனை மணி நேரம் என்று இரண்டும் அங்கே இருக்கும். 300 மணி நேரம் ஆடிவிட்டுக் கட்டைவிரலைக் கீழே காட்டியவரின் கருத்தை நான் எப்போதும் நிறுத்திப் படிப்பேன். அவர் அந்த கேமை நேசித்தவர். எங்கே கசந்தது என்பதை அவரைப் போல விவரமாக யாரும் சொல்லமாட்டார்கள்.

குறைந்த மணிக்கணக்கையும் ஒதுக்கிவிடக் கூடாது. ‘ஸ்டார்டியூ வேலி’யைப் பாருங்கள். எரிக் பரோன் என்ற தனி மனிதர் நாலரை ஆண்டு உட்கார்ந்து, படம், இசை, கதை, நிரல் எல்லாவற்றையும் தாமே செய்து 2016 பிப்ரவரி 26 அன்று வெளியிட்டார். 4 கோடிக்கும் மேல் விற்று, இன்னும் புதிது புதிதாக ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். தாத்தா விட்டுப்போன நிலத்தைத் திருத்திப் பயிர் செய்வதுதான் ஆட்டம். அப்படிப்பட்ட அமைதியான கேமில் இரண்டு மணி நேரத்தில் எரிச்சலோடு எழுந்து போனவர்களின் கருத்தைத் திரட்டினால், பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: மீன் பிடித்தல்.

இரண்டாம் நாள் வில்லி என்ற மீனவர் தூண்டிலைக் கொடுப்பார். மீன் கடித்ததும் திரையில் ஒரு செங்குத்துப் பட்டை எழும். அதில் மீன் மேலும் கீழும் துள்ளும். பொத்தானை அழுத்தியும் விட்டும் ஒரு சிறிய பச்சைப் பட்டைக்குள் அதை வைத்திருக்க வேண்டும். தொடக்கத்தில் அந்தப் பச்சைப் பட்டை மிகச் சிறியது. முதல் நாலைந்து மீன்கள் நழுவித்தான் போகும். திறன் ஏற ஏறப் பட்டை நீளும். அதுவரை பொறுக்க முடியாதவர் வில்லியின் கடையில் 25 காசுக்குப் பயிற்சித் தூண்டில் வாங்கிக்கொள்ளலாம். சாதாரண மீன்கள்தான் சிக்கும், ஆனால் பட்டை பெரிதாகிவிடும். மீனே பிடிக்காமல், மேயர் தரும் 15 பார்ஸ்னிப் விதைகளை நட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு முதல் வாரத்தை ஓட்டினாலும் கேள்வி கேட்பாரில்லை. இரண்டு மணி நேரத்தில் விட்டவர் சொன்னது பொய்யல்ல. அவர் மாட்டிக்கொண்ட கதவைச் சுற்றிப் போக வழி இருக்கிறது என்பதுதான் நீங்கள் தேடிப் பெற வேண்டிய தகவல்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த கேமை நான் முதலில் பரிந்துரைப்பதற்குக் காரணம் வேறு. அதில் ஒரு நாள் என்பது நிஜத்தில் சுமார் 14 நிமிடம். படுத்துத் தூங்கினால் நாள் முடிந்து ஆட்டம் சேமிக்கப்படும். குழந்தை தூங்கும் நேரத்தில் இரண்டு நாள் பயிர் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம். கைப்பேசியிலும் கிடைக்கிறது.

பிடிக்கும் என்றவர் எதற்காகப் பிடிக்கும் என்கிறார்?

2025-இல் அதிகம் புகழப்பட்ட கேம் ‘கிளேர் ஆப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33’. பிரான்ஸின் மோன்பெலியே நகரத்து சாண்ட்ஃபால் குழுவின் முதல் படைப்பு. ஏப்ரல் 24-இல் வெளிவந்து, டிசம்பரில் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருதை வாங்கியது. கதை நெஞ்சைப் பிடிக்கும்: ஒவ்வோர் ஆண்டும் ஓவியம் தீட்டும் ஒருத்தி பிரம்மாண்டமான தூணில் ஓர் எண்ணை எழுதுகிறாள். அந்த வயதை எட்டியவர்கள் அனைவரும் காற்றில் கரைந்துபோகிறார்கள். எண் ஆண்டுதோறும் ஒன்று குறைகிறது.

இந்தக் கதையைக் கேட்டு வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் சண்டையில் தடுமாறினார்கள். முறை வைத்து, நீ ஒரு தடவை நான் ஒரு தடவை என்று அடிக்கும் சண்டைதான். ஆனால் எதிரியின் முறை வரும்போது கையைக் கட்டி உட்கார முடியாது. அவன் வாள் இறங்கும் சரியான கணத்தில் பொத்தானை அழுத்தினால் அடியைத் தட்டிவிடலாம். முழுத் தாக்குதலையும் தட்டிவிட்டால் பதிலடியும் கிடைக்கும். எதிரிகள் வேண்டுமென்றே கையை ஓங்கி, தயங்கி, ஏமாற்றி அடிப்பார்கள். தாளக்கட்டு உள்ளவர்கள் இதில் மயங்கிப்போகிறார்கள். நிதானமாக யோசித்து ஆட வந்தவர்களுக்கு இது தலைவலி. சிரம அளவைக் கதைக்கான எளிய நிலைக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. கதைக்காக வருபவர்கள் கூச்சப்படாமல் முதல் நாளே அதை மாற்றிவிடுங்கள். பாராட்டு மழையில் இந்தச் செய்தி அமுங்கிப்போகிறது. புகழ்பவரிடம் ‘உனக்குக் கதையா, சண்டையா, பாட்டா, எது பிடிச்சது?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். உள்ளே வழி காட்டும் சிறு வரைபடம் இல்லை என்ற குறையை ஏறக்குறைய எல்லோருமே சொல்கிறார்கள். புகழ்பவரும் திட்டுபவரும் ஒரே குறையைச் சொன்னால் அதை அப்படியே நம்பலாம்.

இலவச கேமை ஆடுபவரிடம்

இங்கே கேள்வியை மாற்ற வேண்டும். காசு கொடுத்து வாங்கும் கேமில் ‘எதுவரை போனாய்’ என்று கேட்கிறோம். இலவச கேமில் ‘மூன்றாம் மாதம் எப்படி இருந்தது’ என்று கேட்க வேண்டும்.

‘கென்ஷின் இம்பாக்ட்’ 2020 செப்டம்பரில் வந்தது. முதல் நாற்பது ஐம்பது மணி நேரம் உண்மையிலேயே அழகு. மலை ஏறலாம், பறக்கலாம், காசு கேட்க ஆளில்லை. அதை ஆடியவர்கள் எழுதும் பாராட்டு நேர்மையானதே. பிறகு ஆட்டத்தின் உருவம் மாறுகிறது. கதாபாத்திரங்களை வளர்க்கத் தேவையான பொருளை வாங்க ‘ரெசின்’ என்ற எரிபொருள் வேண்டும். அது 8 நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஊறும். 200 ஆனதும் நின்றுவிடும். கணக்குப் போட்டால் இருபத்தேழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நாள் திறக்காவிட்டால் ஊறியது வீண் என்ற எண்ணம் தினமும் கையைப் பிடித்து இழுக்கும். ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் ஏதேனும் ஒன்று ஒரு குலுக்கலில் கிடைக்கும் வாய்ப்பு 0.6 சதவீதம், 90 குலுக்கலுக்குள் ஐந்து நட்சத்திரம் ஒன்று கட்டாயம் வரும், ஆனால் நீங்கள் கேட்டதே வர வேண்டும் என்றில்லை.

இதையெல்லாம் அறிந்தே மகிழ்ச்சியாக ஆடுகிறவர்கள் ஏராளம். ஆயினும் வீட்டில் பிள்ளை ‘இது ஃப்ரீம்மா’ என்று சொல்லிப் பதிவிறக்கும்போது, ஆறு மாதம் ஆடிய ஒருவரின் கருத்தைத் தேடிப் படிக்காமல் சம்மதிக்காதீர்கள். முதல் வாரக் கருத்துகள் இந்த வகை கேமில் எதையும் சொல்வதில்லை.

நீளம், விலை, வயது

‘ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, இந்த விலைக்கா?’ என்ற புகார் ‘வெண்பா’வுக்கு வந்தது. டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31-இல் வெளியிட்ட சிறு கேம். 1988-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் மசிந்தும் போயிருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, எதை எப்போது சேர்ப்பது என்று விட்டுப்போன வரிகளை ஆடுபவர் ஊகித்துச் சமைக்க வேண்டும். தமிழ் பேசத் தயங்கும் மகன் கவின் வளர்ந்து, அதே குறிப்பேட்டைத் தன் கையில் எடுக்கும்வரை கதை போகிறது. வானொலியில் வரும் பாட்டுகள் வெவ்வேறு காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலில் புதிதாகப் போடப்பட்டவை. 2024-இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதைப் பெற்றது.

ரூபாய்க்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்ப்பவருக்கு இது கட்டாது. அவர் சொல்வதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கு எல்லா கேமுக்கும் பொருந்தாது. கேம் பக்கமே வராத அம்மாவையோ அத்தையையோ பக்கத்தில் உட்கார வைத்து, ஒரே மாலையில் ஆடி முடிக்கக்கூடிய கேம் எத்தனை இருக்கிறது? ‘சுருக்கமாக இருக்கிறது’ என்பதைக் குறை சொல்பவர் வாயிலிருந்து கேட்டாலும், உங்களுக்கு அது வாங்குவதற்கான காரணமாக இருக்கலாம்.

வயது அடையாளத்தையும் அப்படியே விழுங்க வேண்டாம். 2024-இல் வந்த ‘பலாட்ரோ’ போக்கர் சீட்டின் வரிசைகளை வைத்துப் புள்ளி சேர்க்கும் புதிர். பந்தயம் கிடையாது, கேமுக்குள் காசு கொடுத்து வாங்க எதுவும் கிடையாது. அதற்கு ஐரோப்பிய அமைப்பான பெகி 18 வயது முத்திரை குத்தியது. மேல்முறையீட்டுக்குப் பின் 2025 பிப்ரவரியில் 12 ஆகக் குறைத்தது. முத்திரை மாறியதற்குக் காரணம் கேமில் வந்த மாற்றம் அல்ல. முத்திரைக்குக் கீழே காரணத்தை எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். உண்மையில் பலாட்ரோ ஆடுபவர்கள் ஒரே குரலில் தரும் எச்சரிக்கை வயதைப் பற்றியதல்ல: ‘இன்னும் ஒரே ஒரு ஆட்டம்’ என்று மணி இரண்டாகிவிடுகிறது என்பதுதான். பரீட்சைக் காலத்தில் அதைத் தள்ளி வையுங்கள்.

வாங்கிய பின் இரண்டு மணி நேரம்

எவ்வளவு கேட்டாலும் கடைசியில் உங்கள் கைதான் சொல்ல வேண்டும். ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம். மற்ற கடைகளின் விதி வேறாக இருக்கலாம். பணம் கட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தைச் சிக்கனமாகச் செலவழியுங்கள். கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் கணக்கில் ஏறும். கதாபாத்திரத்துக்கு மூக்கையும் முடியையும் செதுக்கும் நேரமும் சேர்த்துத்தான். ‘பால்டர்ஸ் கேட் 3’ போன்ற கேமில் அதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். முதலில் எழுத்தின் அளவு கண்ணுக்கு எட்டுகிறதா, லேப்டாப் சூடேறித் திணறுகிறதா, கையில் இருக்கும் கன்ட்ரோலரை ஏற்கிறதா என்று பாருங்கள். பிறகு, நீங்கள் படித்த புகார்களில் உங்களுக்குப் பொருந்தும் என்று குறித்துவைத்த ஒன்றை நேரடியாகச் சோதியுங்கள். எக்ஸ்பெடிஷன் 33 என்றால் தட்டிவிடும் சண்டை, சில்க்சாங் என்றால் சாய்கோட்டு அடி. ஒன்றரை மணி நேரம் ஆகும்போது நிறுத்தி முடிவெடுங்கள்.

வைத்துக்கொள்வதென்று முடிவானால், சில வாரம் கழித்து நீங்களும் ஒரு கருத்து எழுதுங்கள். எத்தனை மணி நேரம், எந்தக் கருவியில், எதற்கு முன்பு என்ன ஆடிப் பழக்கம், எங்கே தடுக்கியது, எப்படித் தாண்டினீர்கள் அல்லது ஏன் விட்டீர்கள் என்று நாலு வரி போதும். ‘லேப்டாப்பில் 22 மணி நேரம் ஆடினேன். முதல் ஹாலோ நைட் ஆடியதில்லை. சாய்கோட்டு அடி இரண்டு நாளில் பழகிவிட்டது. செத்த பிறகு ஓடி வரும் தூரம் மட்டும் இன்னும் எரிச்சல். கீபோர்டில் கை வலிக்கிறது, கன்ட்ரோலர் இல்லாமல் வாங்காதீர்கள்’ என்று ஒருவர் எழுதினால், அதைப் படிக்கும் பத்துப் பேரும் தங்கள் நிலைமையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். பெரிய பேட்ச் வந்த பிறகு உங்கள் பழைய கருத்தைத் திறந்து, மாறியதை மாற்றி எழுதுங்கள். ஸ்டீம் அதை எப்போது வேண்டுமானாலும் அனுமதிக்கிறது.